மாதத் தவணையும் மாலை நாலரை மணியும்: பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உறவுக்காரப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் மதிப்பெண் பட்டியல், பின்னால் கவலையோடு அப்பா. "இந்த கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும், சித்தப்பா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதற்கு நான் தேவையில்லை. 200க்கு எத்தனை எடுத்தவருக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு போனது என்பதைத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் திருப்பிக் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். ஐந்து ஆண்டு கழித்து மாதாமாதம் எவ்வளவு கட்டப் போகிறீர்கள்? படிக்கும் நாட்களில் மாலை நாலரை மணிக்குப் பிறகு பிள்ளை எங்கே, என்ன செய்துகொண்டிருக்கும்?

இந்த இரண்டையும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் சேர்ந்த கல்லூரியின் (பெயர் வேண்டாம்) வண்ணக் கையேட்டில் நீச்சல்குளம் இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட அதில் தண்ணீரைப் பார்த்ததில்லை. அந்தக் கல்லூரிக்காக வாங்கிய கடனை ஒன்பது ஆண்டுகள் கட்டினேன். கடைசித் தவணையைக் கட்டிய மாதம் என் மகளை எல்கேஜியில் சேர்த்தேன். கீழே இருப்பது அந்த ஒன்பது ஆண்டுகளில் தேறியது.

முதல் படி: கடன் வாங்காமல் எவ்வளவு முடியும்?

கல்லூரிப் பெயர் எதையும் பேசுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு பணத்தை, யாரிடமும் கை நீட்டாமல், படிப்புக்கு ஒதுக்க முடியும்? இதைச் சொல்ல அப்பாக்கள் கூச்சப்படுவார்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நீ படி" என்பார்கள். அந்தப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்குள் பெரும்பாலும் அம்மாவின் நகைதான் இருக்கிறது. பிள்ளையின் முன்னிலையில் உண்மையான தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் தாளில் சேருங்கள். மூத்தவனுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூன்று ஆண்டு கழித்து இளையவள் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நின்றுகொள்ளட்டும் என்று முடிவெடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். பெண் பிள்ளை என்பதால் அது யாருக்கும் உறுத்தவுமில்லை.

இரண்டாம் படி: அரசு தருவதை முதலில் கழியுங்கள்

கடன் கணக்குக்கு முன்னால் சலுகைக் கணக்கு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் செல்லும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியதுதான்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் இந்த வழிகாட்டியில் கடனைப் பற்றி வருவதையெல்லாம் தாண்டி நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்ட கல்வி உதவித்தொகை தனி. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகள் கல்லூரி மாணவர்களுக்கும் உண்டு. கல்லூரி விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஊரில் அரசு விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சான்றிதழ்களை முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைப்பது உத்தமம். ஜூன் மாதத்தில் இ-சேவை மையங்கள் திருவிழாக் கூட்டமாகிவிடும்.

மூன்றாம் படி: கட்டணத் தாளில் இல்லாத கட்டணங்கள்

சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. 2017இல் அந்தக் குழு கலந்தாய்வு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 என்றும் வரம்பு வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தக் குழு வைத்திருக்கும் வரம்பைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியின் தாளைப் படியுங்கள். கல்விக் கட்டணம் சரியாக இருக்கும். அதற்குக் கீழே பஸ், சீருடை, பயிற்சி, ஆய்வகம், சங்கச் சந்தா என்று வரிசை நீளும். 'பிளேஸ்மெண்ட் பயிற்சி' என்று முதலாண்டிலேயே வசூலிக்கும் இடங்கள் உண்டு.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இன்னொரு கண்ணி. கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது சுயநிதி. கட்டணம் வேறு. அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்கள் சேர்க்கை மேசையில் வந்து விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்காண்டுச் செலவை ஒரே வரியில் கொண்டுவாருங்கள். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ் அல்லது பஸ், தேர்வுக் கட்டணம், மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு. கன்னியாகுமரிப் பிள்ளை சென்னையில் படித்தால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் டிக்கெட்டும் கல்விச் செலவுதான்.

'நன்கொடை' கேட்டால் கணக்கில் சேர்க்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். 1992இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது. ரசீது கிடையாது என்பதால் வங்கியும் அதற்குக் கடன் தராது. கொடுப்பவர் வெளி வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கும், ஆனால் அது ஆண்டுக்கு 24%. ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம். நான்கு ஆண்டில் 48,000 வட்டியாகவே போய், அசல் அப்படியே நிற்கும்.

நான்காம் படி: மொத்தத்தை மாதத் தவணையாக மாற்றுங்கள்

'நான்கு லட்சம் கடன்' என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. 'பத்து ஆண்டு, மாதம் ஏழாயிரம்' என்றால் வீட்டில் பேச்சு மாறும். ஆகவே கணக்கைப் போட்டுவிடலாம்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. முதலாண்டு வாங்கிய லட்சம் ஐந்து ஆண்டு வட்டி ஏற்றும், இரண்டாவது நான்கு, மூன்றாவது மூன்று, கடைசி இரண்டு. தனி வட்டியாகவே போட்டாலும் 1,40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய், மொத்தம் 8,56,000க்கு மேல். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை 5,800 ஆகக் குறையும், ஆனால் கட்டும் மொத்தம் 10,44,000ஐத் தொட்டுவிடும்.

இதே கணக்கை ஆண்டுக்கு மூன்று லட்சம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் மாதம் 21,400. முதல் வேலையில் 25,000 சம்பளம் வாங்கும் பிள்ளை சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போகும்?

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் கதை மாறும். முதலாண்டு மாதம் 833, இரண்டாமாண்டு 1,667, பிறகு 2,500, கடைசி இரண்டாண்டும் 3,333. அப்படிச் செய்தால் நான்கு லட்சம் நான்கு லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை 5,290க்குள் வந்துவிடும். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம்வரை குறைக்கவும் செய்கின்றன. முதல் படியில் எழுதிய தாளில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதி பெற்றால், தவணை தொடங்கும்வரை ஏறும் வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. கல்லூரிக்கோ பிரிவுக்கோ தர அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேருபவர்களுக்குப் பிணையமும் ஜாமீனும் இல்லாத கடன் உண்டு. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையான கடனில் 3% வட்டிச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்னால் பாருங்கள்.

ஐந்தாம் படி: விளம்பரப் பலகைச் சம்பளத்தை நம்பாதீர்கள்

பைபாஸ் சாலையோரப் பலகைகளில் 'அதிகபட்சச் சம்பளம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது ஒரே ஒரு மாணவர் வாங்கியது. உங்களுக்கு வேண்டியது நடுவில் நிற்பவரின் சம்பளம். அது கிடைக்கும் இடம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்புக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தரும் தகவல் படிவம் பொதுவில் இருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். கல்லூரியே சொன்ன தகவல் என்பதால் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு படிக்கலாம். ஆனாலும் பலகையைவிட நூறு மடங்கு மேல். சேர்ந்தவர்களுக்கும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அங்கே அரியர் மலை இருக்கிறது என்று பொருள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் போட்டுத் தாங்களே திருத்துவதால் அவற்றின் விகிதத்தை இதோடு ஒப்பிடக் கூடாது.

இடைநிலைச் சம்பளத்தை மாதமாக்கி, அதில் தவணை ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். இது வங்கி விதியல்ல, அறை வாடகை கட்டிய அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட எல்லை.

ஆறாம் படி: மாலை நாலரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

வளாக வாழ்க்கை என்றதும் பெற்றோருக்கு ஊர்சுற்றல் நினைவுக்கு வருகிறது, பிள்ளைகளுக்குக் கலைவிழா. கிண்டி பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ், குருக்ஷேத்ரா மாதிரி விழாக்களை நடத்துபவர்கள் மாணவர்களே. நூறு பேரிடம் பேசிப் பணம் திரட்டி, மேடை போட்டு, கணக்கு ஒப்படைத்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் நாக்கு உலராது. ஆனால் விழா ஆண்டுக்குச் சில நாட்கள். மற்ற நாட்களில் மாலையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

'ஓப்பன் ஹவுஸ்' நாளில் போகாதீர்கள். அன்றைக்குக் கோலம் போட்டிருப்பார்கள். சாதாரண வேலைநாள் ஒன்றில், வகுப்பு விடும் நேரத்தில் போங்கள். பல சுயநிதிக் கல்லூரிகளில் அந்த நேரத்தில் பஸ்கள் வரிசையாகக் கிளம்பும். பத்து நிமிடத்தில் வளாகம் வெறிச்சோடும். நூலகம் பூட்டு, ஆய்வகம் பூட்டு. அப்படியான இடத்தில் விடுதிக்குப் பணம் கட்டுவது தூங்குவதற்குக் கட்டும் வாடகை மட்டுமே. சில வளாகங்களில் ஆறு மணிக்கும் ஆய்வகத்தில் விளக்கு எரியும், மைதானத்தில் ஆள் இருக்கும், மரத்தடியில் சீனியர் ஒருவர் ஜூனியருக்கு நிரல் எழுதக் காட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சீனியர்தான் விடுதிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் உண்மையான பண்டம்.

வாசலுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் உட்காருங்கள். மூன்றாமாண்டு மாணவர்களைத் தேடிக் கேளுங்கள். முதலாண்டுக்காரர்களுக்கு இன்னும் தெரியாது, நான்காமாண்டுக்காரர்கள் வேலைக் கவலையில் இருப்பார்கள். நூலகம் எத்தனை மணிவரை? விடுதியில் மாலைப் படிப்பு நேரம் என்று ஆளெண்ணி உட்கார வைக்கிறார்களா? கைப்பேசியைப் பிடுங்குகிறார்களா? ஆணும் பெண்ணும் பேசினால் அபராதமா? பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது, ஆண்கள் விடுதி எத்தனைக்கு? வெளியே போக அவுட்பாஸ் யார் கையெழுத்தில்? ஏப்ரல் மாதத்தில் தண்ணீர் வருகிறதா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் விடுதியில் மூன்று கோடைகள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம்.

கண்டிப்பான கல்லூரியே நல்ல கல்லூரி என்று நம்பும் பெற்றோர் நம்மூரில் அதிகம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நான்கு ஆண்டு மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் படித்த பிள்ளை, பெங்களூரில் முதல் அறைக்குப் போன மாதம் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு வேறு விஷயம். ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997லிருந்தே இருக்கிறது. கல்லூரியில் தடுப்புக் குழு பெயரளவுக்கா, நடைமுறையிலா என்று கேளுங்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

வீட்டிலிருந்து போய்வருவது மலிவு என்று முடிவு செய்பவர்கள் நேரத்தையும் விலை போடுங்கள். ஒருநாளைக்குப் பயணம் மூன்று மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 180 வேலைநாளில் 540 மணி நேரம். நான்கு ஆண்டில் 2,160. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துப் படிக்கலாம் என்பவர்கள் காலை ஆறரை மணிக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை. அதற்காக விடுதிதான் சரி என்றும் சொல்லமாட்டேன். அரை மணி நேரப் பயணத்தில் வீடு இருந்தால், வீட்டுச் சாப்பாட்டோடு மாலை ஏழு மணிவரை வளாகத்தில் இருந்துவிட்டுத் திரும்பும் மாணவருக்குக் கடனும் குறைவு, வளாகமும் கிடைத்தது.

ஏழாம் படி: இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்துங்கள்

இப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே தவணைத் தொகை ஒன்றும், மாலை எப்படி இருக்கும் என்ற ஒரு வரியும் இருக்கும். சில முடிவுகள் தாமாகவே வந்துவிடும். காரைக்குடி அழகப்பச் செட்டியார், சேலம், திருநெல்வேலி, பர்கூர் போன்ற அரசுப் பொறியியல் கல்லூரிகளைப் 'பழைய கட்டடம்' என்று ஒதுக்கிவிட்டு, கண்ணாடி முகப்புள்ள சுயநிதிக் கல்லூரிக்கு ஓடும் பிள்ளைகளிடம் நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

தடுமாற்றம் வருவது நடுவில் உள்ளவற்றில். ஒரு கல்லூரி மாதம் 2,000 ரூபாய் அதிகத் தவணை, ஆனால் மாலையில் உயிரோடு இருக்கிறது. இன்னொன்று மலிவு, நாலரைக்குக் கதவடைப்பு. உங்கள் பிள்ளை வகுப்பறைக்கு வெளியே கற்கும் பிள்ளையா என்று பாருங்கள். தானாகப் போய் நான்கு பேரோடு சேர்ந்து எதையாவது செய்யும் பிள்ளைக்கு அந்த 2,000 வீணாகாது. அறைக்குள் அடைந்து படிக்கும் பிள்ளைக்கு மலிவான கல்லூரியும் நல்ல இணைய இணைப்பும் போதும்.

கலந்தாய்வில் எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி மேலிருந்து கீழாகப் போய், உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். எனவே 'கிடைக்காது, சும்மா போட்டு வைப்போம்' என்று கட்ட முடியாத கல்லூரியை மேலே வைக்காதீர்கள். கிடைத்துவிட்டால் கீழே இருப்பவையெல்லாம் போயின.

எட்டாம் படி: வங்கி வாசலில்

ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் கட்டணம் கட்டக் கிடைப்பது சில நாட்கள். கடன் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் நகை அடகுக்குப் போகிறது. முதல் பருவக் கட்டணத்தை மட்டுமாவது மே மாதத்துக்குள் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

கல்லூரியில் போனஃபைடு சான்றிதழோடு (பிள்ளை அங்கே படிக்கிறது என்பதற்கான சான்று) நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரத்தையும் எழுதி வாங்குங்கள். விடுதி, புத்தகம், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் கடன் கேட்க முடியும். கேட்காதவர்கள் அவற்றுக்கு வெளியே வட்டிக்கு வாங்குகிறார்கள். நான்கு லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது. 'உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பினால், கல்விக் கடனை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லியிருப்பதை நினைவூட்டுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பல மேலாளர்கள் மறுபடி உட்காரச் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளைக்கு ஒன்று தெரிய வேண்டும்: அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளி. தவணை தவறினால் இருவரின் கடன் மதிப்பெண்ணிலும் விழும். நாளை அப்பா டிராக்டருக்குக் கடன் கேட்கும்போது இது வந்து நிற்கும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து விலக நேர்ந்தால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி. அப்படியும் பிடித்துவைப்பார்கள். சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒப்படைத்ததற்குப் பட்டியலிட்ட ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மாலையே அப்பாவின் கைப்பேசியில் மாதம் முதல் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்: வட்டி, 833 ரூபாய்.